கதவோடு வந்த எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா நம்மை விட்டுப் போகப்போகிறார் என்பதை நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சாட்சி வேண்டுமானால் எங்கள் குப்பத்து டீக்கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் மழை வரும் என்றார்கள். அக்கா வெற்றிலையை மடித்தபடி, "வரும்" என்றார். அவ்வளவுதான். ரேடியோ சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதை என் ஆயுளில் அன்றுதான் கண்டேன். "அக்கா உடம்பு இனிமேல் தாங்காது" என்று அங்கேயே அறிவித்தேன். யார் காதில் வாங்கினார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை அவர் கணவர் சவரி அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். "ஞானம், எஸ்தர் பூட்டாடா" என்றார். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யார் சொன்னது?" பக்கத்து வீட்டிலேயே குடியிருந்ததில் அக்காவின் கேள்வி எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கா ராயபுரத்தில் பிறந்தவர். திருவொற்றியூர்க் கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டு, மீன் விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். எதையும் லேசில் நம்பமாட்டார். மாதா கோயில் சாமியார் பூசையைச் சீக்கிரம் முடித்தால், "இன்னா, எங்கியோ அவசரமா போறாரு?" என்பார். நானோ ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டியவன். புயல் காலத்தில் வெளிநாட்டுக் கப்பல் கேப்டன்கள், கப்பலை உள்ளே வைப்பதா வெளியே கொண்டுபோவதா என்று என்னைத்தான் கேட்பார்கள். இதை அக்காவிடம் சொன்னால், "எந்த பாஷையில கேட்டான்?" என்பார். எட்டாவது வரை படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அவரை அறியாதவர்களுக்காக அந்தப் புயலைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதுகளில் ஓர் ஐப்பசி மாதம். குப்பத்துக்கு லாரி வந்தது. புயல் வருகிறது, எல்லாரும் ஏறுங்கள், பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்றார்கள். ஒருவரும் அசையவில்லை. குடிசைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிடங்கு கட்டப்போகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே ஊரில் பேச்சு. ஆளைக் கிளப்பிவிட்டு இடிப்பதற்குத்தான் இந்தப் புயல் என்று ஆண்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அக்கா சொன்னார்: "லாரிய நம்பாத. கடலயும் நம்பாத." சொல்லிவிட்டுத் தம் குடிசையின் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டார். ஹார்பர் பெட்டிப் பலகையில் செய்த கதவு அது.

லாரி டிரைவர் பதறினார். "இன்னாம்மா, கதவ எதுக்குத் தூக்கினு வர்ற?"

"வூட்ட தூக்க முடியல நைனா. அதான்."

"கதவில்லாத வூட்டுல காத்து பூந்து அள்ளிக்கினு பூடுமே!"

"கதவு இருந்தா மட்டும் தட்டிட்டா வரப்போவுது?"

கதவு கையில் இருந்தால் வீடு நம்முடையது, அதை எவனும் இல்லையென்று சொல்ல முடியாது என்பது அக்காவின் சட்டம். அதைக் கேட்டு ஒவ்வொரு குடும்பமும் கதவைக் கழற்றியது. லாரியில் ஆட்களைவிடக் கதவுகளே அதிகம்.

பள்ளிக்கூடத்தில் கதவுகளைத் தரையில் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்தார்கள். புயல் வரவில்லை. விடிந்தது, அப்போதும் வரவில்லை. வானம் வெளுத்துக் கடல் குளம் மாதிரி கிடந்தது. இந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அது புயலைவிடப் பொல்லாதது. கஞ்சி ஊற்றினார்கள். "சும்மா எவன் கஞ்சி ஊத்துவான்?" என்று அதிலும் சந்தேகம். வெளியே ஒருவர் போனால், முதலில் போய் இடம் பிடிக்கப் பார்க்கிறாரோ என்று மற்ற நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மத்தியானம் சவரி அண்ணன் எழுந்து கதவைத் தூக்கினார். "இந்நேரம் அங்க இடிச்சிக்கினு இருப்பானுங்க. நான் போறேன்." அவர் பின்னால் குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் நான் ஹார்பரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். "எட்டாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியாச்சு! என் கண்ணால பாத்துட்டு வரேன்!" என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசலில் தம் கதவைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஹார்பர்ல வேல செய்றவன் சொல்றான். போறவன் என்னிய தாண்டிக்கினு போ." எந்த ஆணுக்கும் துணிச்சல் வரவில்லை, சவரி அண்ணன் உட்பட.

இருட்டியதும் புயல் வந்தது. அதன் சத்தத்தை எழுத எனக்கு அட்சரம் போதாது. மறுநாள் திரும்பிப் போனபோது குப்பமே இல்லை, வெறும் மணல். அக்கா அளந்து பார்க்கவில்லை, அழவும் இல்லை. தம் குடிசை இருந்த இடத்தில் கதவை ஊன்றினார். மற்றவர்களும் ஊன்றினார்கள். சுவரில்லை, கூரையில்லை, கடலைப் பார்த்துக் கதவுகள் மட்டும் வரிசையாக நின்றன. பார்க்க வந்த அதிகாரிகள் அந்த வரிசைக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். அந்த இடம் இன்றுவரை எங்களுடையது.

புதன்கிழமை அக்காவின் சவப்பெட்டி வாசலில் இடித்தது. அதே பலகைக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் அவரை வெளியே கொண்டுவந்தோம். அந்தக் கதவின் பக்கத்தில் நின்றபோது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மேலே எழுதியதில் கூண்டு சமாச்சாரம் நான் கட்டிவிட்ட கதை. அன்று நான் ஹார்பர் பக்கமே போகவில்லை. டோல்கேட் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

அக்கா நம்பினார் என்றுதானே நினைத்தீர்கள்? ஏற இறங்கப் பார்த்தவர், என் காதோரம் குனிந்து சொன்னார்: "நீ பாக்கல. எனக்குத் தெரியும். அதையே இன்னொரு தபா சத்தமா சொல்லு."

சொன்னேன்.

போய் வாருங்கள் அக்கா. கதவைத் திரும்ப மாட்டிவிட்டோம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், மாட்டியது நான்தான்.