ஏரிக்கரைக் கல்லில் என் உளிவெட்டு

அந்தக் கல்லில் உளியை வைக்கச் சொன்னது நான்தான்.

திருமழிசை தாண்டி ஒரு ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலை. நான் சர்வே இன்ஜினியர். கரையின் ஒவ்வொரு மட்டத்தையும் அசையாத ஒரு புள்ளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பென்ச்மார்க். பழைய மதகுக்குப் பக்கத்தில் பாதி புதைந்து நின்ற கல் உறுதியாக இருந்தது. மட்டம் பார்க்கும்போது ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடிக்கும் காசி அண்ணன், சேறு படிந்த அதன் முகத்தில் கூட்டல் குறி போல ஒரு வெட்டு வெட்டினார். பெயின்ட் டப்பா காய்ந்துபோயிருந்ததால் சிவப்பு அடிக்கவில்லை. மழைக்காலம் வந்தது, வேலை நின்றது.

தண்ணீர் ஊற்றியபோது

தை மாதம் திரும்பிப் போனோம். குறியைத் தேடி காசி அண்ணன் ஒரு குடம் தண்ணீரைக் கல்மேல் ஊற்றித் துடைத்தார்.

"மேடம், இங்க வாங்கோ. கல்லு பூரா எழுத்தா கீது."

பார்த்தேன். வரிவரியாக எழுத்து. ஆறாவது வரியின் நடுவில் எங்கள் வெட்டு.

"அய்யே, இதும்மேலயா உளிய வெச்சோம்!" என்றார். பிறகு தணிந்த குரலில், "எம்பேர எங்கயும் எழுதிடாதீங்கோ மேடம். ஊட்ல ரெண்டு பொண்ணு கீது" என்றார்.

புராஜெக்ட் மேனேஜர் கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "அடுத்த வாரம் இங்க கான்கிரீட் போடணும். இதை வெளிய சொன்னா வேலை நிக்கும். பார்த்து செய்ம்மா" என்றார்.

எனக்கு வரலாறு பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு முடிந்துபோன பாடம். பட்டம் ஏறிய ஆண்டு, போர் நடந்த ஆண்டு; எழுதினேன், மறந்தேன். ஆனாலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அதைக் கான்கிரீட்டில் மூட மனம் வரவில்லை. என் ஹாஸ்டல் தோழியின் தங்கை செல்வி, கல்வெட்டில் ஆராய்ச்சி செய்பவள். அவளுக்குப் போட்டோ அனுப்பினேன்.

ஆறாவது வரி

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றினாள். கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்தன. விரல் வைத்துப் படித்தாள்.

"ஏரிக்குன்னு விட்ட நிலம்க்கா. கிழக்கே எல்லை வாய்க்கால், தெற்கே எல்லை ஒரு மேடு, அப்புறம் மேற்கு, வடக்கு. பதினாறு சாண் கோலால அளந்ததுன்னு போட்டிருக்கு."

என் ஃபீல்டு புக்கைத் திறந்து பார்த்தேன். எல்லை, திசை, அளந்த கருவி, அளவு. நானும் இதையேதான் எழுதுகிறேன்.

"இதை எழுதினது ராஜாவா?"

"ராஜா பேரு முதல் வரியோட சரி. மத்ததெல்லாம் அளந்த ஆளுங்க கணக்குதான்."

ஆறாவது வரியில் நின்றாள். "குழிங்கறது அந்தக் கால நில அளவுக்கா. எத்தனை குழின்னு எண் இருந்த இடம் போயிருச்சு. ஒரு குறுக்கு வெட்டு. பழைய அடையாளம்னு எழுதிக்கட்டுமா?"

சேற்றில் ஊறிய வெட்டு பழசு போலவே நிறம் மாறியிருந்தது. எங்களோடு வந்து நின்ற மேனேஜர், ஆமாம் என்று சொல்லிவிடு என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காசி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபீல்டு புக்கில் தப்பாக எழுதிய எண்ணை ரப்பரால் அழிக்கக் கூடாது. மேலே ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வேலையிலேயே எங்களுக்குச் சொல்லித்தருவது இது.

"பழசு இல்ல செல்வி. போன ஆவணியில வெட்டினது. நான்தான் வெட்டச் சொன்னேன்."

செல்வி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"நீயாவே போய்த் தலையக் குடுத்துட்டியேம்மா" என்றார் மேனேஜர். வேலை மூன்று வாரம் நின்றது. எனக்கு ஒரு மெமோ வந்தது. காசி அண்ணன் பெயர் எதிலும் வரவில்லை. கரையின் கோட்டைச் சற்று விலக்கி வரைந்து கொடுத்தேன். கல் வெளியே நிற்கிறது.

எத்தனை குழி என்பது இனி யாருக்கும் தெரியாது. யாரோ வெயிலில் கோல் பிடித்து அளந்து எழுதிய எண் அது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கல்லில் குறி வைக்குமுன் நாலு பக்கமும் கழுவிப் பாருங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்து இருந்தால் வேறு கல் தேடுங்கள். தெரியாமல் வெட்டிவிட்டீர்கள் என்றால், அது உங்கள் வெட்டு என்று எழுதிவையுங்கள்.