குனிந்து வாசித்த கேள்விகள்

அவளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நாற்காலியில் அமர்ந்தால் வலது கால் தானாக ஆடத் தொடங்கும். கையில் பேனா கிடைத்தால் மூடியைக் கழற்றுவாள், மாட்டுவாள், மறுபடி கழற்றுவாள். கல்யாணமான புதிதில் அவள் கணவர், "நீ உக்காந்திருக்கியா, கிளம்பிட்டிருக்கியா?" என்று கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். நாளெல்லாம் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் அசையாமல் கிடப்பவர்.

இப்படிப்பட்டவள் தேடிக்கொண்ட வேலையோ, அடுத்தவர் மனத்தை நிதானப்படுத்தும் வேலை. மருத்துவ உளவியல் என்று சொன்னால் அப்போது சொந்தக்காரர்களுக்குப் பிடிபடாது. சித்தப்பா ஒருமுறை விசாரணையே நடத்தினார்.

"மருந்து எழுதுவியா?"

"இல்ல சித்தப்பா. அது மனநல டாக்டர் எழுதுவாரு."

"ஊசி?"

"போட மாட்டேன்."

"அப்ப என்னதாம்மா பண்ணுவே?"

"பேசுவேன். டெஸ்ட் எடுப்பேன்."

"பேசுறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே? உங்க சித்தி படிக்காமலே பேசுறாளே!"

அவள் சொன்னதிலும் பாதிதான் உண்மை. மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தபோது, பேசுவது அவள் பொறுப்பில் இல்லை. சிகிச்சை மருத்துவர்களுடையது, அளப்பது மட்டும் உளவியலாளருடையது என்று அங்கே ஓர் எழுதாத சட்டம் இருந்தது. படுக்கை விரிப்புகளை அடுக்கிவைக்கும் அறைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், வண்ணக் கட்டைகள் நிறைந்த பெட்டி, மைக்கறை அட்டைகள், கேள்வித்தாள், ஒரு ஸ்டாப்வாட்ச். வார்டிலிருந்து யாரையாவது அழைத்துவந்து எதிரே உட்காரவைப்பார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அவருடைய அறிவு இவ்வளவு என்று ஓர் எண்ணை எழுதித் தருவாள். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு 'டெஸ்ட் மேடம்' என்றே பேர்.

வேகம் அவளுக்குக் கைவந்த கலை. மற்ற இடங்களில் ஒரு நாளைக்கு இரண்டு பேரைப் பார்ப்பார்கள், அவள் நான்கு பேரைப் பார்ப்பாள். கேள்வித்தாளில் கண், ஸ்டாப்வாட்சில் விரல், பதிலைக் குறிக்கப் பென்சில் என்று மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். தலைமை மருத்துவருக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

ஏழாவது வருடம் காற்று திசை மாறியது. பயத்தையும் பதற்றத்தையும் பேச்சாலும் பயிற்சியாலும் குறைக்க முடியும், அதை உளவியலாளர்களே செய்யலாம் என்று எங்கும் பேச்சு அடிபட்டது. அவளையும் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் கிடைத்த முதல் ஆள், பன்னிரண்டாவது மாடியில் வேலை பார்க்கும் ஓர் அச்சகக்காரர். லிஃப்ட் என்றாலே அவருக்கு மூச்சு முட்டும். படியேறிப் படியேறி முழங்கால் போய்விட்டது. முதல் வாரம் இருவரும் லிஃப்டின் கதவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரம் உள்ளே போய், கதவு மூடும் முன் வெளியே வந்தார்கள். பிறகு ஒரு மாடி. பிறகு மூன்று. பத்தாவது வாரம் அவர் தனியாக ஏறிப் போய்விட்டு, இறங்கி வந்து, அழுதார். அவள் கூடவே அழாமல் இருக்கப் படாத பாடுபட்டாள்.

அதன்பிறகு அறைக்கு வெளியே 'உளவியல் சிகிச்சை' என்று ஒரு பலகை தொங்கியது. வார்டில் மட்டும் அவள் டெஸ்ட் மேடமாகவே இருந்தாள்.

அவளுடைய பதினைந்தாவது வருடத்தில் அந்தத் தொற்றுக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் எல்லோர் முகத்திலும் மாஸ்க். நீண்ட நாள் தங்குவோர் வார்டில் 'சிலை' என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். சலவைத் துணிகளை மடித்துக் கொடுப்பார், சொன்னதைச் செய்வார், யாரோடும் பேசமாட்டார். அதனால் அந்தப் பேர். காய்ச்சல் பரவிய இரண்டாவது வாரத்தில் அந்தச் சிலை முரண்டு பிடிக்கத் தொடங்கியது. கூப்பிட்டால் வருவதில்லை. சாப்பிடச் சொன்னால் துணி மடிக்கப் போவார். ஒருநாள் காலையில் பெரிய சிஸ்டரின் மாஸ்க்கை எட்டிப் பிடுங்கிவிட்டார். தாக்க வந்தார் என்று ஃபைலில் எழுதி, ஊசி போட்டு, தனியறையில் விட்டார்கள்.

"மூளை இன்னும் மந்தமாயிடுச்சான்னு பாத்துச் சொல்லும்மா" என்று தலைமை மருத்துவர் அவளை அனுப்பினார்.

அவள் உள்ளே போய் எதிரே உட்கார்ந்து முதல் கேள்வியை வாசித்தாள். பதில் இல்லை. மறுபடி வாசித்தாள். அவர் அவளுடைய மாஸ்க்கைச் சுட்டிக்காட்டி, "அதை எடு" என்றார். குரல் தட்டையாகவும் பெரிதாகவும் இருந்தது. கை நீண்டது. அவள் பதறி எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வெளியே வராந்தாவில் யாரும் இல்லை. படபடப்பில் மூச்சு வாங்கவே, மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டாள். கதவில் ஒரு கனத்த கண்ணாடி பதித்திருந்தது. அந்தப் பக்கம் அவர் வந்து நின்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை அல்ல, வாயை.

அவள் கண்ணாடியை நெருங்கிப் போனாள்.

குரலே எழுப்பாமல் உதடுகளை மட்டும் அசைத்து, "வாரத்துக்கு எத்தனை நாள்?" என்று கேட்டாள்.

அவர் ஏழு விரல்களைக் காட்டினார்.

"நாப்பதுல பதினேழு போனா?"

அவர் சற்றே மேலே பார்த்தார். இரண்டு விரல்கள். பிறகு மூன்று.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. கால் ஓடியது. நேராக ஆவண அறைக்கு ஓடினாள். பழைய ஃபைலைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. பதினோரு வருடங்களுக்கு முன் அவருடைய அண்ணன் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். 'சொன்னால் புரியாது, திடீரென்று கத்துவான்' என்பது அண்ணனின் புகார். 'காதுக்குள்ள சத்தம் கேக்குது' என்று நோயாளி சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு மருத்துவர் அதன் கீழே, 'இல்லாத குரல்கள் கேட்கின்றன' என்று எழுதியிருக்கிறார். அடுத்த தாளில் உளவியல் அறிக்கை. எண் ஐம்பத்து நான்கு. 'மந்தபுத்தி. தனியே வாழ இயலாது.' கீழே ஒரு கையெழுத்து.

அவளுடைய கையெழுத்து.

ஒரு நாளைக்கு நான்கு பேர். தாளில் கண், ஸ்டாப்வாட்சில் விரல். தலையே நிமிராமல் அவள் கேள்விகளை வாசித்துக்கொண்டு போயிருக்கிறாள். அவளுடைய வாய் தெரியாத ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து, கேட்காத கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

அன்று வீட்டில் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டே இருந்தாள். கணவர் இரண்டு முறை கேட்டபிறகு சொன்னாள்.

"காது டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டியா?" என்றார் அவர்.

"இன்னும் இல்ல."

"அப்ப முதல்ல அதை எடு. அப்புறம் கவலைப்படு. நீ எப்பவும் ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிப்பே."

மறுநாள் தலைமை மருத்துவரிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"பதினோரு வருஷமா இத்தனை டாக்டருங்க பாத்திருக்கோம். யாருக்கும் தெரியாததா?"

"தெரியல சார். யாரும் பாக்கல."

"அந்தப் பழைய ரிப்போர்ட் யாரு எழுதினது?"

"நான்தான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "யோசிச்சுக்கம்மா. உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிற."

"போட்டுக்கிறேன் சார். அனுமதிக் கடிதத்துல மட்டும் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பொது மருத்துவமனையில் காதைச் சோதித்தார்கள். இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் பெரும்பகுதி போயிருந்தது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கலாம் என்றார்கள். எல்லோரும் இப்படித்தான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தாராம். காதுக்குள் கேட்ட சத்தம் வெறும் இரைச்சல்.

காதுக் கருவி வந்தது. அறிவுச் சோதனையைத் திரும்பவும் எடுக்க வேண்டும். தன் கையால் எடுக்க அவள் மறுத்துவிட்டாள். வேறோர் ஊரிலிருந்து ஓர் உளவியலாளரை வரவழைத்தார்கள். அவர் சோதித்த இரண்டு மணி நேரமும் அவள் வராந்தாவில் நடந்தாள். பெரிய சிஸ்டர் பொறுக்க முடியாமல், "மேடம், தரை தேஞ்சிரும்" என்றார். எண் தொண்ணூற்றெட்டு. தெருவில் போகிற யாருக்கும் இருக்கும் அறிவு.

திருத்த அறிக்கையை அவளே எழுதினாள். 'முந்தைய முடிவு தவறு. தவறு சோதித்தவருடையது.' இரண்டாவது வரியை எடுத்துவிடச் சொன்னார் தலைமை மருத்துவர். அவள் எடுக்கவில்லை. விசாரணை வந்தது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவற்றைவிட அவள் பயந்தது வேறொன்றுக்கு.

அவர் துணி மடிக்கும் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மருத்துவர்கள் எழுதியதைச் சொன்னாள், தான் எழுதியதையும் சொன்னாள்.

அவர் ஒரு விரிப்பை மடித்து முடித்தார்.

"ஞாபகம் இருக்கு" என்றார். "நீங்க குனிஞ்சே இருந்தீங்க. உங்க தலை வகிடுதான் எனக்குத் தெரிஞ்சுது."

"ஆமாங்க."

"இப்ப நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லணுமா? அதையும் எழுதிக்குவீங்களா?"

"இல்லைங்க. சொல்ல வேண்டாம்."

"சொல்லல" என்றார் அவர், அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டு.

அண்ணனுக்குக் கடிதம் போட்டார்கள். பதில் இல்லை. ஐந்து மாதம் கழித்து, ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. கூட வேலை பார்க்கும் இருவரோடு ஒரு வீட்டில் தங்கிக்கொண்டார். வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சைக்கு வருவார். அவளிடம் அல்ல, புதிதாகச் சேர்ந்திருந்த இன்னோர் உளவியலாளரிடம். வராந்தாவில் எதிர்ப்பட்டால் அவர் தலையசைக்கவும் மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டார். நடந்து போய்விடுவார். அவள் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாள்.

கண்ணும் காதும் சோதிக்காமல் யாருக்கும் அறிவுச் சோதனை கூடாது என்று அவள் எழுதிக்கொடுத்த விதி, இரண்டு வருட இழுபறிக்குப் பிறகு நடைமுறைக்கு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. அந்த ஒருவரைக் கண்டுபிடித்தது தற்செயல் என்பது மண்டையைக் குடைந்தது. முதல் ஏழு வருடங்களில் தான் எழுதிய அறிக்கைகளை எல்லாம் வெளியே எடுத்தாள். அவற்றில் 'மந்தபுத்தி' என்று முடிந்தவை மட்டும் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். வாரத்தில் ஒருநாள் மதியம் முழுக்க அவற்றோடு உட்கார்ந்தாள். சந்தேகம் தட்டியவர்களைத் தேடிப் பிடித்தாள். ஒரு பெண்ணுக்குக் கண் பார்வை மோசமாக இருந்தது. ஒருவர் அப்போது வேறு மொழி மட்டுமே பேசுகிறவர், கேள்விகளே புரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். இன்னொருவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த ஃபைலை மூட அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

போன மாதம் ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்தது நோயாளியின் அக்கா. தங்கைக்குப் பதினேழு வருடங்களுக்கு முன் எடுத்த டெஸ்ட்டைச் சரிபார்க்க வேண்டும் என்றதும் அந்த அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப எதுக்குங்க? அவ இப்படித்தான்னு நாங்க மனசைத் தேத்திக்கிட்டோம். திரும்பக் கிளறுறீங்களே?"

"ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வாங்கம்மா. என் தப்பா இருந்தா தெரிஞ்சுக்கணும்."

"உங்களுக்குத் தெரியணும்னா நாங்க அலையணுமா?"

ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். காது நன்றாகக் கேட்டது, கண் நன்றாகத் தெரிந்தது. சோதனையைப் பக்கத்து அறையில் இன்னொருவர் எடுத்தார். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் இரண்டுதான் வித்தியாசம். அவள் அன்று எழுதியது சரி.

அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்து, "இப்ப நிம்மதியா?" என்றாள். கேலியாகக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று தெரியவில்லை.

"உங்களை அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி வாசல்வரை போய் ஆட்டோ ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து அந்த ஃபைலை அதன் இடத்தில் செருகினாள். இன்னும் நானூறு சொச்சம் மீதி இருந்தன. உட்காராமல் நின்றபடியே அடுத்ததை உருவினாள்.