ஒரு கைக்குப் பொறுப்பானவர்

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை நினைத்தாலே முதலில் கண்ணில் வருவது ஒரு மஞ்சள் கயிறு. அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கையில் கட்டுகிற காப்புக் கயிறு. அதை இரண்டாக நறுக்கி ஒரு துண்டைத் தன் இடது மணிக்கட்டிலும், இன்னொன்றைத் தன் மகனின் வலது மணிக்கட்டிலும் கட்டியிருந்தார் ஒரு தாய். அப்போது ஊரில் திருவிழா எதுவும் இல்லை.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவன் நான். எங்கள் வீடும் தோட்டத்து ஓரத்தில்தான். அந்த அம்மா அதே தோட்டத்தில் பூ எடுப்பவர். என்னை அண்ணே என்பார், என் மனைவியை மதினி என்பார். அவர் மகனும் என் மகனும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஒருநாள் ஜன்னலோரம் யார் உட்காருவது என்று ஆரம்பித்த பேச்சில் அவர் மகன் என் மகனை அறைந்துவிட்டான். கம்பு இல்லை, கல் இல்லை, வெறும் கை. ஒரே அறை. இடது காதிலிருந்து வடிந்த ரத்தம் சட்டைக் காலரில் உறைந்திருந்தது. அந்தக் காது இனிமேல் கேட்காது என்று திண்டுக்கல் டாக்டர் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம் போலீசுக்குச் சொன்னது. சிறுவர்கள் வழக்கை விசாரிக்கும் குழு முன்னால் எங்களைக் கூப்பிட்டார்கள். பையனின் அப்பா கேரளாவில் பேக்கரி வேலையில் இருந்தார், வரவில்லை. விசாரித்த அம்மையார் நிதானமாகத்தான் பேசினார். பையனைத் தாயின் பொறுப்பில் விடுவதாகவும், அதற்கு அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். "ரெண்டு வருஷத்துக்கு இவன் கையால என்ன நடந்தாலும் நீங்கதான் பதில் சொல்லணும். மறுபடி புகார் வந்தா அரசு இல்லத்துக்கு அனுப்பிடுவோம். சம்மதமா?" என்று கேட்டார்.

அந்த அம்மா மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வலது கையைத்தான் பார்த்தார். "இந்தக் கையாலயா?" என்று கேட்டார். பிறகு "சரிங்கம்மா" என்றார்.  

மறுநாள்தான் அந்தக் கயிறு. கோயில் பூசாரி கட்ட மறுத்துவிட்டாராம். "காப்புங்கிறது திருவிழா முடியுற வரைக்கும்தான் ஆத்தா. வருஷக்கணக்கா போட்டா மனுச உடம்பு தாங்காது" என்றிருக்கிறார். அந்த அம்மா தானே மஞ்சளில் நனைத்துக் கட்டிக்கொண்டார். காப்புக்கு உண்டான கட்டுப்பாடு அத்தனையும் இருவரும் இருந்தார்கள். அடுத்த வீட்டில் கை நனைக்கவில்லை. இருட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டவில்லை. பையனை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். காலையில் பூ எடுத்து முடித்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். சாயந்திரம் மணி அடிக்கும் வரை பள்ளி வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

பூ எடுக்கும் பெண்கள் சும்மா இருப்பார்களா? "ஏத்தா, கவர்மெண்டுல உனக்கு மட்டுந்தான் கயிறு குடுத்தாங்களா, எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கித் தாயேன்" என்பார்கள். தோட்டமே சிரிக்கும். அந்த அம்மாவும் கொஞ்சம் சிரிப்பார். கை மட்டும் நிற்காது.

வத்தலக்குண்டில் அவருடைய அக்கா இறந்தபோது காப்போடு எழவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று போகவில்லை. ஊர் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, வத்தலக்குண்டு இருக்கும் திசையைப் பார்த்து அழுதார். மகன் பக்கத்தில் நின்றான். அன்றைக்குத்தான் அவன் வலது கையைக் கவனித்தேன். தொங்கவிட்டிருந்தான். ஈ உட்கார்ந்தால்கூட அசைக்கவில்லை. சாப்பாடு, எழுத்து எல்லாமே இடது கைக்கு மாறியிருந்தன. வலது கை இளைத்து, வேறு யாருடைய கையோ போல வெளுத்திருந்தது.

இனி எழுதப்போவதை நம்பச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன். என் மகனுக்குச் செத்துப்போன காதில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சாப்பிட்டுக்கொண்டிருப்பான், திடீரென்று கையை நிறுத்துவான். "அப்பா, அவன் வாரான்" என்பான். செத்த நேரம் கழித்து அந்தத் தாயும் மகனும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவார்கள். "எப்படிடா தெரியும்?" என்று கேட்டால், "செருப்பு தேயுற சத்தம் இந்தக் காதுல கேக்குது" என்று இடது காதைத் தொடுவான். நல்ல காதில் எதுவும் கேட்காதாம். டாக்டரிடம் சொன்னோம். கேட்காத காதில் மூளை தானாகச் சத்தம் போடும் என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறைகூட என் மகன் சொல்லி அவர்கள் வராமல் இருந்ததில்லை.  ஊரிலும் இது பரவியது.

இரண்டு வருஷம் முடிய ஒருநாள் மிச்சம். மறுநாள், குழுவுக்காகப் பையனைக் கண்காணித்து வந்த நன்னடத்தை அலுவலர் முன்னால் மகனை நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிடும். அன்று காலை அந்த அம்மா பூ எடுத்து நிமிர்ந்து பார்த்தால், எப்போதும் பக்கத்து வரிசையில் நிற்கிற பையனைக் காணோம். நாளைக்கு அவன் இல்லையென்றால் ஓடிப்போனான் என்று எழுதுவார்கள், பிடித்து இல்லத்தில் போடுவார்கள். கிணறு, கடை, பஸ் நிறுத்தம் என்று தேடி அலைந்துவிட்டு உச்சி வெயிலில் எங்கள் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் மகனைத்தான் பார்த்தார்.

"அப்பு, உனக்குக் கேக்கும்னு சொல்றாங்களே. அவன் எந்தப் பக்கம் இருக்கான்னு கேட்டுச் சொல்லுய்யா."

என் மனைவி வெளியே வந்தாள். "எம்புள்ள காதைக் கெடுத்துட்டு, அந்தக் காதுகிட்டயே வந்து கேக்குறியே, உனக்கு என்ன நெஞ்சழுத்தம்?"

"வேற யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல மதினி."

 என் மகன் எழுந்தான். "மோட்டாரை நிறுத்துங்கப்பா" என்றான். ஓடிப்போய் நிறுத்தினேன். தோட்டம் முழுக்க அடங்கியது. அவன் நல்ல காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கண்ணை மூடினான்.  வெயில் இரைவது போல இருந்தது. பிறகு காதைப் பொத்தியபடியே மேற்கே நடந்தான். நாங்கள் பின்னால் போனோம். கருவேலங்காட்டுக்குள் யாரும் இறைக்காத பாழுங்கிணறு ஒன்று இருக்கிறது. புதர் மூடி, வெளியிலிருந்து பார்த்தால் கிணறு என்றே தெரியாது. நேராக அங்கே போய் நின்றான்.

அடிப் படியில் பையன் உட்கார்ந்திருந்தான். பச்சைத் தண்ணீருக்குள் தன் வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்திருந்தான், கோழிக்குஞ்சை முக்கிப் பிடித்ததுபோல. அவன் அம்மா கூப்பிட்டார். நிமிராமலே சொன்னான்: "நாளையோட உன் பொறுப்பு முடியுதுல்லம்மா. அப்புறம் இது யாருக்கு அடங்கும்?"

 அந்த அம்மா மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மகன் இறங்கிப் போனான். அவனுக்கு வலப்பக்கம், தண்ணீரில் கிடந்த கையை ஒட்டி, செவிட்டுக் காது அவன் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான்.  "ஏலே, எந்திரி. ஒங்கம்மா காலைல இருந்து ஒண்ணும் திங்கல" என்றான். அவன் அசையவில்லை. "எங்க இருந்தாலும் எனக்குக் கேக்குதுல்ல. நீ தப்பா எதுவும் பண்றது கேட்டா நானே வந்து சொல்லுறேன்" என்றான். வெகுநேரம் கழித்து அந்தக் கை தண்ணீரை விட்டு வெளியே வந்தது. விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. என் மகன் அதைப் பிடித்து மேலே ஏற்றினான்.

மறுநாள் அலுவலர் வழக்கை முடித்துக் கொடுத்தார். நல்ல தாய் என்று பாராட்டினாராம். கிணற்றைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சட்டம் இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்டது. இப்போது அந்தப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுகிறான். ஆனாலும் அந்த அம்மா பூ எடுத்துவிட்டுப் போகும்போது எங்கள் வாசலில் நிற்பார். என் மனைவி டீ கொடுப்பாள். குடித்துவிட்டு என் மகனிடம் கேட்பார்: "போன்ல குரல் மட்டுந்தான் வருது அப்பு. உனக்கு ஏதும் கேக்குதா?"

என் மகன் நல்ல காதைப் பொத்திக்கொள்வான். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பான். "ஒழுங்கா நடந்துக்கிட்டுத்தான் இருக்கான் அத்தே" என்பான். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

உண்மையிலேயே கேட்கிறதா என்று நான் அவனிடம் இதுவரை கேட்டதில்லை.

எழுதி முடித்தது: கார்த்திகை பிறந்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை.