நாற்பது செக்கன் மோட்டர்

என்ரை மனுசன் கிறிஸ்துநாயகம் கட்டின மோட்டர் திரும்பிப் பழுதெண்டு வராது. மருதனார்மடம் சந்தியிலை ஆரையும் கேட்டுப் பாருங்கோ. தோட்டக்காரர் எரிஞ்ச தண்ணிப் பம்மோடை எங்கடை வீட்டு முன்கடைக்கு வருவினம். இவர் பழைய கம்பியை உருவிப்போட்டுப் புதுசு சுத்திக் குடுப்பார். பிறகு அந்த ஆக்களைத் திருவிழாவிலைதான் காணலாம்.

பதினேழு வயதிலை, சண்டை நேரம், பொம்மர் பிளேன் குண்டு போட்டு, இவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழை போச்சுது. பொய்க்காலோடை நாள் முழுக்க நிண்டு வேலை. பின்னேரம் கழட்டினால் தோல் உரிஞ்சு சீழ் வைச்சிருக்கும். மருந்து கட்டுறதும் நான், ஏசுறதும் நான். இனியும் நிண்டால் இன்னும் மேலை வெட்டவேண்டி வரும் எண்டு போன மாதம் டொக்டர் சொல்லிப்போட்டார்.

அந்த நேரம் பாத்துத்தான் அரியாலையிலை பட்டறை நடத்துற சுபாங்கன், பெருவிரல் அளவு மோட்டர் ஒண்டைக் கொண்டு வந்தான். வெளிநாட்டுக் கொம்பனிக்கு மாதிரி செய்து காட்டவேணுமாம். ஆகாயத்திலை போற ஏதோ சாமானின்ரை வாலிலை மீனுக்கு இருக்கிற மாதிரிச் சின்னச் செட்டை இருக்குமாம், அதைத் திருப்பித் திசை மாத்துறது இந்த மோட்டராம். இவர் தன்ரை வழக்கப்படி இரட்டை உறை போட்டு, வார்னிஷ் ஊத்தி, இருபது வருசத்துக்கு அசையாத மாதிரிச் சுத்திக் குடுத்தார். சுபாங்கன் சிரிச்சான்.

"அண்ணை, பாரம் கூடிப்போச்சு. ஒரு நிமிசம்கூட வேண்டாம், நாற்பது செக்கன் உழைச்சால் காணும்."

"பிறகு?"

"பிறகு அது தேவைப்படாது."

இவர் மெல்லிசாச் சுத்திக் குடுத்தார். அது பாஸ். தன்ரை பட்டறையிலை நிரந்தர வேலை, கதிரையிலை இருந்து செய்யிற வேலை எண்டு சுபாங்கன் சொல்ல, நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனன்.

திரும்பி வந்தால், மனுசன் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறார். அந்த வேலைக்குப் போகமாட்டாராம். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது.

"உங்களுக்கென்ன விசரே? மோட்டர் எரிஞ்சால் எரியட்டும். கால் முழுக்கப் போனால் என்ன செய்யிறது?"

அவர் மிஞ்சியிருந்த மாதிரி மோட்டரிலை தகரத்துண்டொண்டைச் செட்டையாப் பூட்டி, சுபாங்கன் சோதிக்கத் தந்த பெட்டியிலை தொடுத்தார். செட்டை இடம் வலமாத் திரும்பித் திரும்பி ஆடிச்சுது. நான் என்னையறியாமல் எண்ணத் துடங்கினன். பொம்மர் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ளை இருந்து எண்ணுற பழக்கம் எனக்கு இன்னும் போகேல்லை. நாற்பத்தொண்டிலை கம்பி கருகி மணத்துது. செட்டை நிண்டுது.

"என்னத்தைத் தேடுது உது?" எண்டு கேட்டன்.

"எங்களை மாதிரி ஆரையோ," எண்டார். "போய் இடிச்சு வெடிக்குமட்டும் உழைச்சால் காணும்."

அந்தக் கதிரைக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டன் எண்டு அந்தோனியாருக்குத்தான் தெரியும். ஆனாலும் போனை எடுத்தது நான்தான்.

"தம்பி, அவர் வரமாட்டார்."

"பரவாயில்லையக்கா." சுபாங்கன் மரியாதையாத்தான் கதைச்சான். "அண்ணை சுத்தின முறையைப் படம் கீறி அனுப்பியாச்சு. கொம்பனிக்கு நல்லாப் பிடிச்சிட்டுது. இனி அங்கை மெசினே அப்பிடிச் சுத்தும்."

போன் ஸ்பீக்கரிலை கிடந்தது. மனுசனுக்கும் கேட்டுது.

அவர் பொய்க்காலை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். சண்டிலிப்பாயிலையிருந்து ஒராள் பம்மோடை வந்து நிண்டார்.

"நாயகம், கட்டினால் எத்தினை வருசம் உழைக்கும்?"

அந்தக் கேள்விக்கு எப்பவும் சிரிச்சுக்கொண்டு மறுமொழி சொல்லுற மனுசன், தன்ரை ரெண்டு கையையும் பாத்துக்கொண்டு நிண்டார்.