போயிட்டு வாங்க சொல்லாத பள்ளிக்கூடம்

கம்பம் பைபாஸ் பக்கம் இருக்கும் அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் அவர்களுக்கு ஒரு விளம்பரம். கோயில் கோபுரம் மாதிரி ஒரு வளைவு, அதில் மார்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள், கீழே 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று ஒரு போன் நம்பர். அந்த வளைவுக்குள்தான் என் சித்தி நாகஜோதி கோடை லீவில் தன் மகள் யுவராணியைக் கூட்டிக்கொண்டு போனாள், ஆறாம் வகுப்பில் சேர்க்க. ஸ்கூட்டி ஓட்டியது நான். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டு வந்தவள் நான். பள்ளிக்கூட வாசனை பட்டாலே எனக்குக் கால் தானாகத் திரும்பும்.

சித்திக்கு ஊரில் நல்ல பேர் கிடையாது. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை. கொடியைக் கவாத்து வெட்டுவதும் பழம் அறுப்பதும் பந்தலுக்கு அடியில் நின்று கையைத் தூக்கியபடி செய்கிற வேலை. சாயங்காலம் ஆனால் கழுத்து திரும்பாது. யாரைப் பார்ப்பதானாலும் மொத்த உடம்போடு திரும்பி, சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி நிற்பாள். பாதி நேரம் சண்டைக்குத்தான் நிற்பாள்.

யுவராணிக்கு ஆட்டிசம் என்று தேனி டாக்டர் சொன்னார். ஊர் 'ஒரு மாதிரி' என்றது. எந்த மாதிரி என்று சித்தி திருப்பிக் கேட்பாள். யுவராணி அதிகம் பேசமாட்டாள். பந்தல் கட்டும்போது மிஞ்சும் கட்டுக்கம்பியை வளைத்து ஆட்களைச் செய்வாள். கண், மூக்கு எதுவும் இருக்காது; நிற்கிற நிலையைப் பார்த்தே யாரென்று தெரிந்துவிடும். என்னைச் செய்தபோது ஒரு கால் முன்னால் தாவி, தலை பின்னால் திரும்பியிருந்தது. யாரையோ ஏமாற்றிவிட்டு ஓடுகிற நிலை. மறுக்க முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகும். சித்தப்பா ராஜபாண்டி குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். அவர் முடிவைச் சொல்லிவிட்டார்.

"எங்கனயும் சேக்கலைன்னா, ஸ்கூல் தெறக்குற அன்னைக்கு மதுரை விடுதியில கொண்டுபோயி விட்ருவேன். நானும் மனுசன்தான."

அந்த விடுதியைச் சித்தி ஒருமுறை பார்த்துவிட்டு வந்திருந்தாள். சன்னலுக்கெல்லாம் வலை அடித்திருந்தார்களாம். அவள் சொன்னது அவ்வளவுதான். அதன் பிறகுதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏற ஆரம்பித்தாள்.

பைபாஸ் பள்ளிக்கூடத்தின் தாளாளர் ரொம்ப மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார்.

"பாப்பா பேரு என்ன?"

யுவராணி மேசைமேல் இருந்த அழைப்பு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசாதாம்மா?"

"பேசுவா. தோணுனா பேசுவா."

"பரீட்சையும் தோணுனாத்தான் எழுதுமோ?" என்று அவரே சிரித்துக்கொண்டார். "எங்க ரிசல்ட் நூத்துக்கு நூறும்மா. ஒரு பிள்ளையால குறைஞ்சா மத்த பெத்தவக என்னையக் கேப்பாக. கையில வேற கம்பி. இன்னொரு பிள்ள கண்ணுல குத்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." கையெடுத்துக் கும்பிட்டார். "போயிட்டு வாங்க."

சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். யுவராணி எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று வளைவு வரைக்கும் நடந்தாள். அதைத் தொட்டாள். திரும்பி வந்து தாளாளர் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"என்ன பாப்பா, எதையும் விட்டுட்டியா? சரி, போயிட்டு வா."

மறுபடி வளைவு. மறுபடி மேசை.

எனக்கு விளங்கிவிட்டது. அவர் போயிட்டு வரச் சொன்னார், அவள் போய்விட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில், வாசலுக்கு வந்தவரைப் பார்த்து வெறும் 'போ' என்று சொல்வது செருப்பைக் கழற்றிக் காட்டுவதற்குச் சமம். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று நினைத்தாலும் வாய் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்லவேண்டும். வராந்தா நிறைய அட்மிஷனுக்கு வந்த பெற்றோர். அத்தனை பேர் முன்னால் அந்த மரியாதைக்காரர் எப்படிப் 'போ' என்பார்? இன்னும் இரண்டு தடவை போயிட்டு வரச் சொன்னார். நெற்றி வியர்த்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த முகத்தைப் பார்க்க நன்றாக இருந்ததால் சொல்லவில்லை.

கடைசியில் வாட்ச்மேன் வந்து யுவராணியின் கையைப் பிடித்து இழுத்தான். சித்தி மொத்த உடம்போடு திரும்பினாள்.

"கைய எடு. ஒங்க சாரு வரச் சொன்னாரு, பிள்ள வந்துச்சு. இழுக்கணும்னா அவரு நாக்கப் போயி இழு."

அந்த வாரம் முழுக்க நான் அந்த போன் நம்பருக்கு வேறு வேறு குரலில் பேசி, எங்கள் வெள்ளாட்டங்குட்டிக்கு எல்கேஜியில் இடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அது தனிக் கதை.

அடுத்தது தேனியில் ஒரு சிறப்புப் பள்ளி. அங்கே எல்லோரும் தேன் ஒழுகப் பேசினார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே மாதிரிப் பாசிமணியை ஒரே மாதிரி நூலில் கோத்துக்கொண்டிருந்தார்கள். கோத்து முடித்ததை ஒரு மேடம் உருவிப் போட்டு, திரும்பக் கோக்கச் சொன்னார்.

"இதுகள்லாம் தெய்வக் குழந்தைங்கம்மா," என்றார் மேடம்.

"எம்மக தெய்வமில்ல. தெய்வத்துக்குப் படையல் போட்டாப் போதும். இவளுக்கு ஆறாப்பு வேணும். ஆறாப்புப் பாடம் நடத்துவீகளா?"

"பாடமெல்லாம் எதுக்கும்மா இவங்களுக்கு? மொதல்ல உக்காரப் பழகட்டும்." சொல்லிக்கொண்டே யுவராணியின் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். யுவராணி தரையில் விழுந்து அலறினாள். பீரோவைத் திறந்து கம்பியை வாங்குவதற்குள் சித்தி அந்த மேடத்துக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

திரும்புகிற பஸ்ஸிலும் யுவராணி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, "வளக்கத் தெரியாம வளத்தா இப்படித்தான்," என்றது. "நீ வளத்தது எங்கன இருக்கு, கூட்டியா பாப்போம்," என்றாள் சித்தி. சின்னமனூர் வரைக்கும் அது ஓடியது.

கடைசியாக மிஞ்சியது பக்கத்து ஊர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நாங்கள் போனபோது தலைமையாசிரியை ஜெபஷீலா பைப் ரிப்பேர்க்காரரை போனில் கிழித்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. போனை வைத்ததும் முதல் கேள்வி.

"இவளுக்கு எது ஆகாது?"

சித்தி முழித்தாள். அதுவரை எல்லோரும் என்ன தெரியும் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"மணிச் சத்தம் ஆகாது. பின்னாடி இருந்து தொட்டா ஆகாது. கம்பியப் புடுங்குனா ஆகாது."

ஜெபஷீலா கையை நீட்டி, யுவராணியாகக் கொடுக்கும்வரை காத்திருந்தார். வாங்கிய கம்பி உருவத்தின் நுனிகளை விரலால் தடவினார். ஒவ்வொரு நுனியும் உள்பக்கமாக மடக்கியிருந்தது.

"நீயா மடக்குன?"

"குத்தும்," என்றாள் யுவராணி.

"இது யாரு?"

"அம்மா."

"கை ஏன் மேல இருக்கு?"

"திராட்சை."

அவர் சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. உருவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார். "கேலி பண்ணுவாளுக, அதை நான் மறைக்க மாட்டேன். மணி அடிக்க முன்னாடி இவகிட்டச் சொல்ல ஒரு பிள்ளையப் போடுறேன். ஸ்பெஷல் டீச்சர் எப்பவாவதுதான் வருவாக, மத்த நாளெல்லாம் நாங்கதான். எம்புட்டுப் படிப்பான்னு இப்ப என்னையக் கேக்காதீக." பிறகு யுவராணியிடம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "யுவராணி. இப்ப போ. திங்கக்கிழமை காலையில வா."

வெளியே வந்ததும் சித்தி வெடித்தாள்.

"பாத்தியாடி? பிள்ளைய மூஞ்சிக்கு நேரா போங்குறா. அந்த பைபாஸ்காரனாச்சும் கும்பிட்டு அனுப்புனான்."

"வான்னும் சொல்லுச்சே சித்தி."

"மொதல்ல போன்னுதான சொன்னா. உக்காருன்னு ஒரு சொல்லு உண்டா? நாய வெரட்டுற மாதிரி வெரட்டுறா. இங்கன எம்மகள விடமாட்டேன்."

நான் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். வீட்டுக்குப் போனதும் சித்தி சித்தப்பாவிடம், "இனி ஏறி எறங்க பள்ளிக்கூடமில்ல, மதுரையவே பாருங்க," என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அடித்துத் துவைத்ததில் சித்தப்பாவின் சட்டைப் பித்தான்கள் எல்லாம் தெறித்துப்போயின.

திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூடம் திறக்கிற நாள். ஜீப் வாசலில் நிற்க, யுவராணியின் துணிப்பை அதில் ஏறிவிட்டது. யுவராணி மட்டும் ஏறவில்லை. என் ஸ்கூட்டியின் பின்சீட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஆத்தா, ஜீப்புல ஏறு," என்றார் சித்தப்பா.

"திங்கக்கிழமை."

"ஆமா, திங்கக்கிழமைதான். மதுரைக்குப் போயிட்டு வருவோம், வா."

யுவராணி அவரைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டிக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "போ சொன்னாக. போயிட்டேன். வா சொன்னாக."

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சித்தி கையில் சீப்போடு நின்றாள். வசவு என்று அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் 'போ' மகளுக்கு வேறு எதுவாகவோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வாயால் ஒத்துக்கொள்ளவில்லை. ஜீப்புக்குப் போய்த் துணிப்பையை இறக்கினாள்.

"மதுரைக்காரவககிட்ட வர்றேன்னு சொல்லிட்டேனே," என்றார் சித்தப்பா.

"சொன்னா நீங்க போயித் தங்கிக்கங்க." என் பக்கம் திரும்பினாள். "என்னடி பாக்குற? வண்டிய எடு."

இதோடு முடித்தால் படிக்கிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் இரண்டாவது வாரமே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. யுவராணி வகுப்பில் ஒருத்தியைக் கடித்துவிட்டாள். சித்தி தோட்டத்திலிருந்து அப்படியே வந்தாள். வழி நெடுக என் முதுகுக்குப் பின்னால் வசவுகளை ஒத்திகை பார்த்தாள். எனக்கே புதிதாகச் சில கிடைத்தன.

"வெளிய அனுப்புறீகளா டீச்சர்? அனுப்புங்க. எங்களுக்குப் பழக்கந்தான்."

"அனுப்புறதுக்கா கூப்பிட்டேன்?" ஜெபஷீலாவும் எரிச்சலில்தான் இருந்தார். "அந்தப் பிள்ள வெளையாட்டுக்குப் பின்னாடி இருந்து கட்டிப் புடிச்சிருக்கா. கூடாதுன்னு வகுப்புல சொல்லித்தான் வச்சிருந்தேன், அவ காதுல ஏறல. அவளுக்கும் திட்டு, இவளுக்கும் திட்டு. இவள செவத்தோட முதுகு ஒட்டுற மாதிரி எடம் மாத்திட்டேன், இனி பின்னாடி யாரும் வரமுடியாது. அந்தப் பிள்ளையோட அம்மா வராந்தாவுல உக்காந்திருக்காக. அவககிட்ட நீங்கதான் பேசணும்."

பள்ளிக்கூடத்துக்கென்று கொண்டுவந்த வசவு அத்தனையும் சித்தியிடம் அப்படியே தங்கிப்போனது. அந்த அம்மா தேவதானப்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவராம். முகம் கல்லாக இருந்தது. மடியில் மகளின் கை, அதில் பல் பதிந்த வட்டம்.

"இப்படிப் பிள்ளைய வீட்டுல வச்சுக்கிற வேண்டியதுதான?"

நான் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மொத்த உடம்போடு அந்த அம்மா பக்கம் திரும்பினாள்.

"கடிச்சது தப்புத்தான்," என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

"இன்னொருக்கா கடிச்சா?"

"கடிக்கமாட்டான்னு பொய் சொல்லமாட்டேன். எடம் மாத்தியிருக்காக. ஊசி போட்டாச்சா? இல்லைன்னா வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். இவ வண்டி இருக்கு."

அந்த அம்மா மகளைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு, செருப்பைத் தேடியது. சன்னல் வழியே பார்த்தேன். யுவராணி சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, போர்டில் இருந்த கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.