குழாய்ச்சோறு

அன்று அந்தச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மதினி, அதாவது அண்ணன் பெண்சாதி. மதினியின் மகள், அவளைப் பாப்பா என்போம். பாப்பாவைக் கட்ட இருந்த பையன். பையனைப் பெற்றவள். எங்கள் வேதக்கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார். என் வீட்டுக்காரி. நான். வேறு ஆள் கிடையாது. சாரல் உள்ளே அடிக்கிறது என்று முன்கதவும் பின்கதவும் சாத்தியிருந்தது. சட்டி அலுமினியச் சட்டி, ஒரு பக்கம் நசுங்கியது. மதினி குவைத்திலிருந்து வந்தபோது பெட்டிக்குள் சேலை சுற்றிக் கொண்டுவந்தது. இப்போது என் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது.

மதினி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அங்கே படித்துக்கொண்டதுதான் இந்தச் சாப்பாடு. மாட்டுக்கறியும் மக்ரோனியும் ஒரே சட்டியில் வேகும். தனியாகக் குழம்பு கிடையாது, தனியாகச் சோறு வடிக்க வேண்டாம். ஒரு தடவை லீவில் வந்தபோது ஆக்கிப் போட்டாள். அண்ணன் ஒரு மக்ரோனியை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து அந்தப் பக்கம் பார்த்தான். "ஏட்டி, இது என்ன குழாய்ச்சோறு?" என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பேர். கேலி பண்ணினானே தவிர இரண்டு தட்டு தின்றான். கிராம்பு மட்டும் அவனுக்கு ஆகாது. வாயில் பட்டால் எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைப்பான். சும்மா வைக்க மாட்டான். தலை எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படி. அதற்காக அம்மாவிடம் அடிகூட வாங்கியிருக்கிறான்.

அண்ணன் லாரி ஓட்டினான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு புளியறை வழியாகக் கேரளாவுக்குப் போவான். நான் அதே மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். அவன் கடைசியாகப் போன வண்டிக்கும் நான்தான் ஏற்றினேன். சின்ன வெங்காயம், முருங்கை, தக்காளி. தார்ப்பாய் கட்டி முடித்ததும் தலையை வெளியே நீட்டி, "ஏலே, ஞாயித்துக்கிழமை வந்துருவேன். கறி எடுத்து வையி" என்றான். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் புளியறை தாண்டி மேலே ஏறுகிற வளைவில் வண்டி நிற்கிறது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். ஓரமாக ஒழுங்காக நிறுத்தியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்டு ரொம்ப நேரம் ஆகியும் வைப்பர் காய்ந்த கண்ணாடியை இங்கும் அங்கும் துடைத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. ஏறுகிற படியில் செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தது. கோயிலுக்குள் போகிறவன் கழற்றி வைத்த மாதிரி. ஆள் இல்லை. போலீசும் காட்டு ஆபீஸ்காரர்களும் மூன்று நாள் தேடினார்கள். ரத்தம் இல்லை, துணி இல்லை, தடம் இல்லை. முதல் நாளே எஞ்சினை நான்தான் கை நீட்டி அணைத்தேன். அணைத்த பிறகு அந்த இடத்தில் இருந்த அமைதி இன்றைக்கும் காதுக்குள் இருக்கிறது.

மதினி குவைத்தை விட்டு வந்துவிட்டாள். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் அண்ணன் கட்டிய வீட்டில் மகளோடு இருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் கோயில் விட்டு வந்து குழாய்ச்சோறு ஆக்குவாள். மக்ரோனியைப் படியால் அளக்க மாட்டாள். ஆளுக்கு ஒரு பிடி. மதினிக்குக் கை பெரிது, ஒரு பிடி ஒரு தட்டுக்குக் காணும். எத்தனை பிடி என்று எண்ணவும் மாட்டாள். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு ஆளின் பேரை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போடுவாள். ஆளை எண்ணக் கூடாது, எண்ணினால் குறையும் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். மதினிக்கு அது வெறும் சொல் இல்லை. "குவைத்துல படுக்கும்போது தெனமும் விரலை மடக்கி எண்ணுவேன் தம்பி. அவுக ஒண்ணு, பாப்பா ரெண்டு, நீ மூணுன்னு. எண்ணி எண்ணித்தான் கொறைச்சுப்புட்டேன்" என்று ஒரு நாள் சொன்னாள்.

மதினி எண்ண மாட்டாள். நான் எண்ணுவேன். மூட்டை எண்ணிப் பழகிய கண். எத்தனை பேர் இருந்தாலும் ஒரு பிடி கூடுதலாக விழும். ஒரு தடவை கேட்டேன். "ஆளுக்கு ஒரு பிடி, சட்டிக்கு ஒரு பிடி" என்றாள். அண்ணன் இருந்த காலத்தில் சட்டிக்கு என்று அவள் போட்டதில்லை. இதில் எனக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. கூடுதலாக ஒரு ஆள் சாப்பாடு இருக்கிறதே, அது மிஞ்ச வேண்டும் இல்லையா? மிஞ்சியதே கிடையாது. நாங்கள் யாரும் இரண்டாம் தடவை வாங்கவும் மாட்டோம். சட்டி வழித்த மாதிரி இருக்கும். பதினோரு வருஷம் இப்படியே போனது.

ஏழு வருஷம் ஆனால் இறந்துபோனதாக எழுதி வாங்கலாம் என்று போலீசில் சொன்னார்கள். மதினி அந்தப் பக்கமே போகவில்லை. தாலியைக் கழற்றவில்லை, லாரிப் படியிலிருந்து நான் கொண்டுவந்து வைத்த அண்ணன் செருப்பையும் வாசலை விட்டு எடுக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. பாப்பாவுக்குக் கல்யாணம் கூடிவந்த பிறகுதான் சிக்கல் வந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் அறிக்கை வாசிப்பார்கள். ஓலை என்போம். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் என்று தகப்பன் பேரோடு எழுத வேண்டும். தகப்பன் இல்லை என்றால் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நின்றது.

அந்த ஞாயிறு கறி எடுத்து வந்தது நான். செங்கோட்டையில் எலும்பு இல்லாமல் வாங்கினேன். மதினி கட்டைவிரல் நகம் அளவுக்கு நறுக்கினாள். சட்டியில் எண்ணெய் விட்டுச் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி எல்லாம் வதக்கினாள். மல்லித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள், இடித்த மிளகு. செங்கோட்டைப் பக்கம் போடுகிற மாதிரி தேங்காய்க் கொத்தும் போட்டாள். கிராம்பு நான்கு. என்றைக்கும் நான்குதான். கறியைப் போட்டுத் தண்ணீர் விட்டு மூடினாள். ஒரு மணி நேரம் வெந்தது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் பேச்சு நடந்தது. உபதேசியார் பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்.

பையனின் அம்மா கெட்டவள் இல்லை. பயந்தவள். "மதினி, நான் பொல்லாப்புக்குச் சொல்லல. ஓலை வாசிக்கையில ஊரு கேக்கும். ஆளு இருக்காகளா, இல்லையா? இருந்தா எங்கன? ஓடிப்போயிட்டாகன்னுதான் பேசுவாக. இல்லைன்னா இல்லைன்னு எழுதிருங்க. பாதி இருக்குற வீட்டுல பொண்ணு எடுக்க எனக்குப் பயமாருக்கு" என்றாள்.

"எம்மா, சும்மா இரேன்" என்றான் பையன்.

"நீ சும்மா இருலே. கறி வாசம் வந்ததுலேருந்து ஒன் புத்தி அடுப்பங்கரையிலேயே கெடக்கு."

பாப்பா சிரித்துவிட்டாள். மதினி சிரிக்கவில்லை. "பொணமா நான் அவுகளைப் பாக்கல. பாக்காம எப்படிக் காலஞ்சென்றன்னு எழுதச் சொல்லுவேன்?" என்றாள். "அப்பம் நாங்க எந்திரிச்சிருதோம். கோவிச்சுக்காதீய" என்றாள் அந்த அம்மா. பாப்பா முகம் செத்துப்போனது. உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மதினி எழுந்து சட்டியைத் திறந்தாள். கறி வெந்துவிட்டது. மக்ரோனியை அள்ளிப் போட ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. ஏழு பிடி விழுந்தது. உதடு நின்றது. கை மட்டும் பைக்குள் மறுபடி போனது. உதடு இன்னொரு தடவை அசைந்தது. எட்டு. குழாய்க்கு மேலே ஒரு விரல்கணு நிற்கிற மாதிரி தண்ணீர் பார்த்து மூடினாள். "சாப்பிட்டுட்டுப் போங்க. பசியோட எந்திரிக்க விடமாட்டேன்" என்றாள்.

ஆறினால் குழாய் ஊதிப் போகும், அதனால் இதற்கு எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும். பாப்பா தட்டு வைத்தாள். எட்டாவது தட்டை மதினியே எடுத்து எனக்கு இடது பக்கம், பின்கதவை ஒட்டி வைத்துப் பரிமாறினாள். "இது யாருக்கு?" என்றாள் பையனின் அம்மா. "சட்டிக்கு" என்றாள் மதினி. அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உபதேசியார் ஜெபம் பண்ணினார். பையன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அத்தை, இது பாஸ்தால்லா? ஓட்டல்ல எரநூறு ரூவா" என்றான். "இங்கன இது குழாய்ச்சோறு" என்றாள் பாப்பா மெதுவாக.

அப்போது அருவிப் பக்கம் சங்கு ஊதியது. தண்ணீர் ஏறிவிட்டால் குளிப்பவர்களை வெளியேற்ற ஊதுவார்கள். சங்கு நிற்குமுன் கரண்ட் போனது. மதியம் ஒரு மணிதான். ஆனால் மலைமேல் மேகம் இறங்கி, இரண்டு கதவும் சாத்தியிருந்ததால் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டில் கை உரசுகிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் மட்டும் கேட்டது. எனக்கு இடது பக்கத்திலும் கேட்டது. சுவரில் எதிரொலிக்கிறது என்று நினைத்தேன்.

அந்தத் தட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்த அம்மா எழுந்து போய்விடுவாள் என்று தோன்றியது. கரண்ட் வருவதற்குள் அதை என் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடலாம் என்று இடது கையை நீட்டினேன். தட்டு சூடாக இருந்தது. ஆனால் லேசாக இருந்தது. விரலை உள்ளே வைத்தேன். ஒன்றும் இல்லை, ஈரம்தான். விளிம்பில் விரல் போனபோது சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தேன். கிராம்பு. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. தலை எல்லாம் ஒரே பக்கம். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கரண்ட் வந்தது. எல்லாரும் அந்தக் காலித் தட்டைப் பார்த்தார்கள். "கொரங்கு வந்துட்டுப் போயிருக்கும். குத்தாலத்துல கொரங்குக்கா பஞ்சம்?" என்றான் பையன். குரல் சிரிக்கிற மாதிரி வந்தது, முகம் சிரிக்கவில்லை. "கதவு தாப்பாப் போட்டுல்லா கெடக்கு" என்றாள் என் வீட்டுக்காரி. மற்றவர்கள் தட்டில் நான் தேடினேன். ஒருவர் தட்டிலும் கிராம்பு இல்லை. நான்கும் அந்த ஒரே தட்டில் இருந்தது.

மதினி அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் அழவில்லை. கடைசியில் கையைக் கழுவிவிட்டு வந்து உபதேசியாருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுதுங்க ஐயா. காலஞ்சென்றன்னே எழுதுங்க."

"நெசமாத்தான் சொல்லுதியளா அம்மா?"

"உசுரோட இருக்குற மனுசன்னா வாசல் வழியா வந்துருப்பாக. உப்பு கொறைச்சல்னு ஏசிருப்பாக. இப்படி இருட்டுல வந்து சத்தமில்லாம தின்னுட்டுப் போறவுக இல்ல."

உபதேசியார் எழுதினார். 'ஞ்' ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பையனின் அம்மா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறு ஞாயிறு ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அன்று சாயங்காலம் மதினி வாசலில் இருந்த செருப்பைத் துடைத்துப் பேப்பரில் சுற்றி என்னிடம் தந்தாள். அப்போதுதான் அண்ணன் என்னிடம் கடைசியாகச் சொன்னதை அவளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்றதை. பதினோரு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தேன். "வந்தாகள்லா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கூடுதல் பிடி போடவில்லை. நான் கவனித்தேன். அவள் போடாத நாளிலிருந்து சட்டியும் சரியாக இருந்தது.

போன வருஷம் மதினி போய்விட்டாள். ஆஸ்பத்திரியில், எங்கள் கண் முன்னால். பிணமாகப் பார்த்தோம். கல்லறையில் வைத்தோம். அவளுக்கு 'காலஞ்சென்ற' எழுத யாருக்கும் தயக்கம் இல்லை. அவள் சாமானில் நான் கேட்டது இந்தச் சட்டியை மட்டும்.

இப்போது நான் மூட்டை தூக்குவதில்லை. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, அடுப்பில் நிற்க முடியாது. இந்த ஞாயிறு பாப்பாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மதினி ஆக்கியதைப் பார்த்த ஞாபகத்தில் நானே ஆக்கினேன். கறி வெந்தது. வெளியே சாரல். அவர்கள் பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. பாப்பா, மாப்பிள்ளை, வீட்டுக்காரி, நான். நான்கு பேர். மக்ரோனிப் பைக்குள் கையை விட்டேன். எண்ண வேண்டாம் என்று பேர் சொல்லித்தான் போட்டேன். கை தானாகப் போய்வந்தது. தண்ணீர் பார்த்து மூடிய பிறகு, மூட்டை எண்ணிய பழக்கம் விடவில்லை. வாய்க்குள் சொன்ன பேர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணினேன்.

ஆறு.