கரையில் ஊன்றிய காட்டாமணக்கு

போன வாரம் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, ரோட்டோரப் பள்ளத்தில் ஜேசிபி ஒன்று நெய்வேலிக் காட்டாமணக்கை வாரிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை நாற்றம் ஜன்னல் வழியாக மூக்கில் ஏறியதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு செடியின் நாற்றத்துக்கு வெட்கப்படுகிற ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஏரி வாய்க்காலை இந்தச் செடி அடைத்துக்கொண்டது. முதல் மடையில் இருந்த எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடும்; கடைமடையில் இருந்த அஞ்சலை அக்காவின் அரை ஏக்கருக்குப் போய்ச் சேராது. அக்காவுக்கு இருந்ததே அதுதான். வீட்டுக்கு ஓர் ஆள் வாய்க்காலில் இறங்குவது என்று ஊரில் முடிவானது.

மூன்று நாள் வெட்டினோம். வெட்டினோம் என்றால், அவர்கள் வெட்டினார்கள், நான் கரையில் நின்று மேற்பார்வை செய்தேன். வெட்டிய தண்டுகளைக் களத்துமேட்டில் காயப்போட்டுக் கொளுத்துவதுதான் வழக்கம். எனக்குத்தான் மூளை வேலை செய்ததே! அவற்றைக் கரை நெடுக ஊன்றிவிட்டால் மண் சரியாது என்றேன்.

"ஏம்பா, இது மொளைச்சிடுமே," என்றார் மடை திறக்கிற கோவிந்தன்.

"வேரே இல்லாம எப்டிங்க மொளைக்கும்?"

"படிச்ச புள்ள சொல்லுது, உடுங்கப்பா," என்று எனக்காகப் பேசியது அஞ்சலை அக்காதான்.

ஒரு மழை. அவ்வளவுதான். கரையின் இரண்டு பக்கமும் வரிசை பிடித்துத் துளிர்த்து, ஐப்பசிக்குள் வாய்க்காலுக்குள் சாய்ந்து, முன்னைவிட அடர்த்தியாக மூடிக்கொண்டது. நான் வைத்து உருப்படியாக முளைத்த ஒரே பயிர் அதுதான்.

மறுபடி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். "நீ நட்டதுதானேடா, நீயே போய் புடுங்கு," என்று சிரித்தார்கள். வந்தது அக்கா மட்டும்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மூஞ்சிய தொங்கப்போடாத, எறங்கு," என்றாள். எட்டு நாள் இடுப்பளவு சேற்றில் நின்று இருவரும் பிடுங்கினோம். பாதி வாய்க்கால்கூடத் தாண்டவில்லை. மழை நின்றதும் அவள் பயிர் கதிர் விடாமலே காய்ந்தது. எங்கள் நெல் தளதளவென்று நின்றது.

மறுவருஷம் அக்கா நிலத்தை விற்றுவிட்டு உப்பளத்துக்குக் கூலிக்குப் போனாள். அந்த அரை ஏக்கரில் இப்போது பிளாட் போட்டிருக்கிறார்கள். கடைமடைப் பக்கம் வாய்க்கால் தூர்ந்துபோயிற்று. வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூப்பிடவும் யாரும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நெல்லு எப்டிடா இருக்குது?" என்று கேட்பாள்.

"சுமார்தாங்க்கா," என்பேன். ஒவ்வொரு வருஷமும் நன்றாகத்தான் விளைந்தது. அந்தப் பொய்யைக் கேட்கக்கூட இப்போது அக்கா இல்லை.